மின்னொளி கபடியில் முதல் முறை கேமரா பிடித்தவருக்கு

கேள்வி: "கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் கபடி ஆடியவன். பொங்கலுக்கு எங்கள் ஊரில் நடந்த மின்னொளி கபடிப் போட்டியை முதல் முறையாகப் படம் எடுத்தேன். தொடக்க நிலை டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55, 55-250 லென்ஸ்கள். விளையாட்டு மோடில் வைத்து 600 படம் எடுத்தேன். பெரும்பாலானவை கலங்கல். கலங்காத படங்களில் ரெய்டரின் முதுகுதான் இருக்கிறது. சிலதில் பாதிப் படம் இருட்டு. நான்கு படம் அனுப்பியிருக்கிறேன். புது கேமரா வாங்க வேண்டுமா?"

தம்பி, கேமரா வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கிலும் நான்கு வேறு வேறு விஷயங்கள் நடந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "படம் சரியாக வரவில்லை" என்று சொன்னால் சந்தேகம் கேமரா மேல்தான் போகும். பிரித்துப் பார்த்தால், இதில் ஒரே ஒரு பிரச்சினைக்குத்தான் கொஞ்சம் பணம் தேவை. மிக முக்கியமான பிரச்சினைக்குத் தேவையானது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: நீங்கள் கபடி ஆடியவர்.

முதல் படத்திலிருந்து வருகிறேன். ரெய்டரின், அதாவது எதிரணிக்குள் பாடிப் போகிறவரின், கையும் காலும் நூல் இழுத்த மாதிரி நீண்டிருக்கின்றன. ஆனால் பின்னால் கட்டியிருக்கும் பரிசுத்தொகை பேனரின் எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. இது நல்ல தடயம். கேமரா ஆடியிருந்தால் பேனரும் சேர்ந்தே கலங்கியிருக்கும். ஆக, உங்கள் கை ஆடவில்லை, ஆள்தான் நகர்ந்திருக்கிறார். லென்ஸில் இருக்கும் நடுக்கம் குறைக்கும் வசதி இதற்கு உதவாது. அது உங்கள் கையின் ஆட்டத்தைச் சரிசெய்யும், ரெய்டரின் ஓட்டத்தை அல்ல.

அந்தப் படத்தின் விவரத்தில் 1/80 நொடி (ஷட்டர் திறந்திருந்த நேரம்), எஃப் 5.6 (லென்ஸின் வாய் திறந்த அளவு, எண் குறைந்தால் வாய் பெரிது), ஐஎஸ்ஓ 3200 (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) என்று இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ரெய்டரின் கை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/80 நொடியில் அது 6 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அந்த 6 சென்டிமீட்டர்தான் உங்கள் படத்தில் தெரியும் இழுப்பு. 1/500 நொடியில் அதே கை ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். 1/1000-ல் அரை சென்டிமீட்டர். கபடிக்கு 1/500-க்குக் கீழே போகாதீர்கள். 1/800 கிடைத்தால் நிம்மதி.

விளையாட்டு மோடு ஏன் 1/80-க்கு இறங்கியது? அதற்கு வேறு வழி இல்லை. 55-250 லென்ஸை முழுதாக இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6 அளவுதான் திறக்கும். ஐஎஸ்ஓவையும் ஓர் எல்லைக்கு மேல் தானாக ஏற்ற முடியாது. மிச்சம் இருப்பது ஷட்டர்தான், அதை மெதுவாக்கிவிட்டது. பகலில் மைதானத்துக்கு வெளியிலிருந்து எடுக்க அருமையான லென்ஸ் அது. ஊர்த் திடலில் நான்கு கம்பத்து வெளிச்சத்தில் அதனால் முடியாது.

பணம் தேவைப்படும் இடம் இதுதான். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. பெரும்பாலான டிஎஸ்எல்ஆர் கம்பெனிகளின் லென்ஸ் வரிசையில் மலிவானவற்றில் ஒன்றாக அது இருக்கும், பழையதாகவும் நிறையக் கிடைக்கும். உங்கள் சொந்தக்காரர் யாராவது கல்யாணப் படம் எடுப்பவராக இருந்தால் இரண்டு நாள் இரவல் கேட்டாலே போதும். எஃப் 5.6-லிருந்து எஃப் 2-க்கு வந்தால் எட்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதே ஐஎஸ்ஓவில், அதே விளக்கில், 1/80 என்பது 1/640 ஆகிவிடும். ஐஎஸ்ஓவை 4000-க்கு ஏற்றினால் 1/800. படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும், வரட்டும். புள்ளி உள்ள படத்தை யாரும் தூக்கிப் போடுவதில்லை, கலங்கிய முகத்தைத்தான் தூக்கிப் போடுவார்கள்.

"50 எம்எம்மில் தூரத்தில் இருப்பவர் சின்னதாகத் தெரிவாரே" என்று கேட்பீர்கள். சரிதான், கிட்டே போக வேண்டும். ஆண்கள் கபடித் திடல் மொத்தமே 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கால்பந்து மாதிரி இல்லை. ஓரக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தால் பிடி நடக்கும் இடம் பெரும்பாலும் 5 முதல் 8 மீட்டருக்குள் இருக்கும். உங்கள் கேமராவின் சென்சார் அளவுக்கு, 6 மீட்டர் தூரத்தில் 50 எம்எம் லென்ஸ் ஏறத்தாழ 2.7 மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் உயரமும் கொண்ட இடத்தைப் பிடிக்கும். குனிந்து கிடக்கும் நான்கைந்து பேருக்கு அது தாராளம். அந்தத் தூரத்தில் எஃப் 2-ல் ஃபோகஸ் ஆழம் ஒரு மீட்டர் சொச்சம் கிடைக்கும். அதனால் ரெய்டரின் முகம் தெளிவாக இருந்தால், அவர் இடுப்பைப் பிடித்திருப்பவரின் முகமும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

ஃபிளாஷ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போடவே கூடாது. கார்னர் ஆட்டக்காரரை (திடலின் மூலையில் நின்று பிடிப்பவரை) தொடக் குறிவைத்து ரெய்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணில் ஃபிளாஷ் அடித்தால், அந்த ஒரு நொடியில் அவர் பிடிபடலாம், அடிபடவும் செய்யலாம். படத்துக்காக ஆட்டத்தைத் தொடுவது தவறு.

பாதி இருட்டாக இருக்கும் மூன்றாவது படத்துக்கு வருவோம். கேமரா பழுதோ என்று பயந்திருப்பீர்கள். பழுது இல்லை, விளக்கின் சுபாவம் அது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சம் வருவதால், சில விளக்குகள் நொடிக்கு 100 முறை பிரகாசித்து மங்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் 1/100 நொடி திறந்திருந்தால் ஒரு முழுத் துடிப்பும் உள்ளே வந்துவிடும், படம் சீராக இருக்கும். 1/800-ல் எடுத்தால் அந்தத் துடிப்பின் ஒரு சிறு துண்டுதான் கிடைக்கும். உச்சத்தில் அகப்பட்டால் வெளிச்சம், பள்ளத்தில் அகப்பட்டால் மங்கல். அதோடு, வேகமான ஷட்டரில் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஒரு பிளவு மட்டும் படத்தின் குறுக்கே ஓடுகிறது. அது ஓடும் நேரத்தில் விளக்கு மங்கினால் படத்தின் ஒரு பகுதி இருட்டாகவோ மஞ்சளாகவோ மாறும். நல்ல எல்இடி விளக்குகளில் இது அவ்வளவாக இல்லை. வாடகைக்கு வரும் பழைய மெட்டல் ஹாலைடு விளக்கிலும் விலை குறைந்த எல்இடியிலும் இருக்கும்.

இதற்கு வழி: உங்கள் கேமராவின் மெனுவில் ஆன்டி-ஃபிளிக்கர் இருக்கிறதா என்று தேடுங்கள். 2014-ல் கேனான் 7டி மார்க் 2-ல் வந்த வசதி, பிறகு பல கேமராக்களுக்கும் பரவியது. விளக்கின் உச்சத்துக்காக ஒரு கணம் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். அது இல்லையென்றால் ஒரே தருணத்தில் மூன்று நான்கு படம் எடுங்கள், ஒன்றாவது சரியாக விழும். மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா வைத்திருக்கும் நண்பர்களிடம் மட்டும் சொல்லிவையுங்கள்: இந்த வெளிச்சத்தில் எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம், படம் முழுக்கப் பட்டை பட்டையாக விழும்.

மற்ற அமைப்புகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், இவை பத்து நிமிட வேலை. மேனுவல் மோடு. எஃப் 2, 1/800, ஐஎஸ்ஓ 4000-ல் தொடங்குங்கள். டாஸ் போடும்போது ஆட்டக்காரர்களின் முகத்தை எடுத்துப் பார்த்து ஐஎஸ்ஓவை ஏற்றி இறக்குங்கள். அதற்குப் பிறகு கை வைக்க வேண்டாம், விளக்கு இரவு முழுக்க மாறப்போவதில்லை. ஆட்டோவில் விட்டால் வெள்ளை ஜெர்சி அணி வரும்போது ஒரு மாதிரியும், பின்னால் இருட்டு வரும்போது வேறு மாதிரியும் கேமரா குழம்பும். ஃபோகஸைத் தொடர் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். கேனானில் அதன் பெயர் ஏஐ சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து ரெய்டரின் மார்பில், ஜெர்சி எண் மேல் வையுங்கள். மங்கல் வெளிச்சத்தில் தொடக்க நிலை கேமராக்கள் நடுப்புள்ளியில்தான் நன்றாகப் பிடிக்கும். எண்ணின் கறுப்பு வெள்ளை விளிம்பு அதற்குப் பிடிமானம். படத்தை ரா (RAW) வடிவத்தில், அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக எடுங்கள், நிறத்தை வீட்டில் சரிசெய்துகொள்ளலாம்.

இனி இரண்டாவது படம். எனக்கு மனசு கேட்காமல் இவ்வளவு நீளமாக எழுத வைத்ததே அதுதான். 1/320-ல் எடுத்திருக்கிறீர்கள், ஓரளவு தெளிவு. மூன்று பேர் ரெய்டரைப் பிடித்திருக்கிறார்கள், ஒருவர் தொடையில், இருவர் இடுப்பில். அவர் கை நடுக்கோட்டை நோக்கி நீள்கிறது. அந்த இரவின் மிகச் சிறந்த தருணமாகக்கூட இருக்கலாம். ஆனால் நமக்குத் தெரிவது அவர் முதுகும் மண் ஒட்டிய ஜெர்சியும்தான். காரணம் நீங்கள் நின்ற இடம்.

ஒரு ரெய்டில் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆடிய உங்களுக்கு இது உடம்பிலேயே இருக்கிறது. "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு உள்ளே போகும்போது ரெய்டரின் முகம் எதிரணியின் கடைக்கோட்டைப் பார்த்து இருக்கும். பிடிபட்டதும், உயிரைக் கொடுத்து நடுக்கோட்டுக்கு இழுத்துக்கொண்டு வரும்போது, முகம் தன் அணி இருக்கும் பக்கம் திரும்பிவிடும். நீங்கள் எதிரணியின் கடைக்கோட்டுக்குப் பின்னால் நின்றிருக்கிறீர்கள். அதனால் உள்ளே வந்த முகம் கிடைத்தது, போராடிய முகம் கிடைக்கவில்லை.

சரி, ரெய்டரின் சொந்தக் கடைக்கோட்டுக்குப் பின்னால் போகலாமா? அங்கே அவருடைய ஆறு கூட்டாளிகள் குறுக்கே நிற்பார்கள். நடுக்கோட்டின் முனையிலேயே உட்காரலாமா? அங்கே நடுவர் நிற்பார், அவர் நிற்க வேண்டிய இடம் அது. என் அனுபவத்தில் நல்ல இடம் ஓரக்கோட்டுக்கு வெளியே, நடுக்கோட்டிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, ஒரு பாதியின் பக்கமாக. அங்கிருந்து சாய்வாக நடுக்கோட்டைப் பார்த்து உட்காருங்கள். இதில் ஓர் அழகு இருக்கிறது. கபடியில் அணிகள் மாறி மாறிப் பாடும். உங்கள் பக்கத்து அணி பாடிப் போகும்போது, போராடித் திரும்பும் முகம் உங்களை நோக்கி வரும். எதிர்ப்பக்க அணி பாடி வரும்போது, தொடத் துடிக்கும் முகம் உங்களை நோக்கி வரும். ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி இரண்டு விதப் படமும் கிடைக்கும். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறுவதால் இரண்டு அணிக்கும் இரண்டு விதமும் கிடைத்துவிடும். திடலைச் சுற்றி ஓட வேண்டியதே இல்லை.

உட்காருங்கள் என்று சொன்னதைக் கவனியுங்கள். நின்று எடுத்தால் தலைமயிரும் தோளும்தான் தெரியும். விளக்கு உயரத்திலிருந்து அடிப்பதால், குனிந்த முகத்தில் நிழல் விழும். தரையோடு தரையாக இருந்தால் அந்த நிழலுக்குள் பார்க்கலாம். திடலின் மண்ணில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் கொஞ்சம் முகத்தில் ஏறும். செம்மண் திடல் என்றால் தோலில் ஒரு கதகதப்பான நிறம் வரும், எனக்கு அது செயற்கை விரிப்பின் (மேட்) மேல் நடக்கும் ஆட்டத்தில் எடுக்கும் படங்களைவிடப் பிடிக்கும். உங்கள் எதிரே நேராக விளக்குக் கம்பம் வராத மாதிரி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 1965 மே 25 அன்று அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரில் முகமது அலியும் சன்னி லிஸ்டனும் மோதிய குத்துச்சண்டை முதல் சுற்றிலேயே முடிந்தது. விழுந்து கிடக்கும் லிஸ்டன் மேல் கையை மடக்கி அலி கத்தும் அந்தப் புகழ்பெற்ற வண்ணப் படத்தை எடுத்தவர் நீல் லைஃபர், அப்போது 22 வயது இளைஞர். அந்தப் படத்தில் அலியின் கால்களுக்கு நடுவே, எதிர்ப்பக்கம், கேமராவோடு இன்னொருவர் தெரிவார். அவர் ஹெர்ப் ஷார்ஃப்மன், அனுபவம் மிக்க மூத்த படக்காரர். அந்தக் கணத்தில் அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு. லைஃபர் பயன்படுத்திய பெரிய ஃபிளாஷ் விளக்குகள் ஒருமுறை மின்னினால் மறுபடி தயாராகச் சில நொடிகள் ஆகும். ஆகவே அடுத்தடுத்துச் சுட்டுத்தள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி அவருக்கு இல்லை. குத்துச்சண்டையில் யார் எந்தப் பக்கம் விழுவார் என்று யாருக்கும் தெரியாது, ஷார்ஃப்மனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கபடியில் நமக்குத் தெரியும்: போராடுகிறவன் நடுக்கோட்டை நோக்கித்தான் வருவான். இப்படி ஒரு வாய்ப்பு எல்லா விளையாட்டிலும் கிடைக்காது.

நேரம் பார்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான். 600 படம் எடுத்தும் தருணம் தப்பியதற்குக் காரணம் பர்ஸ்ட் (பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ந்து எடுப்பது) மேல் வைத்த நம்பிக்கை. உங்கள் கேமரா நொடிக்கு ஐந்து படம் எடுக்கிறது என்றால் இரண்டு படத்துக்கு நடுவே ஐந்தில் ஒரு பங்கு நொடி இருக்கிறது. அதற்குள் அந்தக் கை ஒரு மீட்டர் போய்விடும். கண்ணால் பார்த்துவிட்டு விரல் அழுத்தவும் கிட்டத்தட்ட அதே நேரம் ஆகும். டிஎஸ்எல்ஆரில் படம் பதியும் கணத்தில் கண்ணாடி மேலே எழும்பி வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். அதனால் உச்சத் தருணத்தை வ்யூஃபைண்டரில் கண்ணாரப் பார்த்துவிட்டீர்கள் என்றால் அது படத்தில் விழவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் முன்னாடியே அழுத்தப் பழக வேண்டும். ரா வடிவத்தில் எடுக்கும்போது தொடக்க நிலை கேமரா சில படங்களிலேயே திணறி நின்றுவிடும். ஆகவே ரெய்டு தொடங்கியதிலிருந்து அழுத்திப் பிடிக்காமல், மூன்று நான்கு படமாக வெட்டி வெட்டி எடுங்கள்.

முன்னாடியே அழுத்த, முன்னாடியே தெரிய வேண்டும். ஒரு ரெய்டுக்கு 30 நொடி. முதல் சில நொடிகளில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, கேமராவை இறக்கி ஆட்டத்தைப் பாருங்கள். எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால் போனஸ் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கக் கால் நீளும், அப்போது பின்கால் தரையை விட்டு எழும்புவதைத்தான் எடுக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவது டூ ஆர் டை, புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட். மைக்கிலேயே அறிவிப்பார்கள், அதுதான் உங்களுக்கு மணி. வெறுமனே திரும்ப முடியாது, ஏதாவது நடந்தே தீரும். பிடிக்கும் அணியில் மூன்று பேரே மிச்சமிருந்தால் சூப்பர் டேக்கிளுக்காக (குறைந்த ஆட்களோடு பிடித்தால் கிடைக்கும் கூடுதல் புள்ளிக்காக) உயிரைக் கொடுத்துப் பாய்வார்கள், அந்த ரெய்டையும் விடாதீர்கள். கார்னரில் இருப்பவர் ஒரு கால் முன்வைத்துக் குனிந்து கையை விரித்தால் கணுக்காலுக்கு வரப்போகிறார். இதெல்லாம் ஆடிய உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் கபடி ஆடியதில்லை. பல இரவு திடலோரம் உட்கார்ந்து, ஆட்டக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் கற்றேன். என் முதல் போட்டியில் ஆயிரத்துக்கும் மேல் எடுத்து நான்கு படம் தேறியது. அந்த நான்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பழைய ஆட்டக்காரர் "இப்ப எடு" என்று தோளைத் தட்டியபோது எடுத்தவை. உங்களுக்கு அந்தக் குரல் உள்ளேயே இருக்கிறது.

பாதுகாப்பு ஒன்று உண்டு. மாலையிலேயே போய் விழாக் குழுவினரிடம் அனுமதி கேளுங்கள், கயிற்றுக்கு உள்ளே உட்கார விடுவார்கள். ஓரக்கோட்டிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருங்கள். பிடியில் நான்கு பேர் மொத்தமாக வெளியே வந்து விழுவார்கள். ட்ரைபாட் கொண்டுபோகாதீர்கள், அதன் காலில் ஓர் ஆட்டக்காரர் விழுந்தால் அவருடைய வருடமே போய்விடும். பையையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இடது கண்ணைத் திறந்தே எடுங்கள், பக்கவாட்டில் வருவது தெரியும். தூசி பறக்கும் திடலில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள்.

இன்னொன்று. கபடியில் உடை இழுபடும், கிழியும். பெண்கள் போட்டியில் இதை இரண்டு மடங்கு நினைவில் வையுங்கள். யாரையும் கூச வைக்கும் படம் என்றால், எவ்வளவு அருமையான பிடியாக இருந்தாலும் அன்றிரவே அழித்துவிடுங்கள். அடிபட்டு வலியில் கிடப்பவரை எடுத்துப் பரப்பாதீர்கள், வீட்டில் அவர் அம்மா பார்ப்பார். நல்ல படத்தை அந்த ஆட்டக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பல பேரிடம் தாங்கள் ஆடும் ஒரு தெளிவான படம்கூட இருக்காது.

நான்காவது படத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கும் இருவர். ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, திடலைப் பார்க்கிறார். மற்றவர் பாதி எழுந்துவிட்டார். தன் அணி எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால்தான் அவர்களில் ஒருவர் உள்ளே திரும்ப முடியும், அது அந்த முகத்தில் அப்படியே இருக்கிறது. இதை நீங்கள் தற்செயலாக எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து தவித்த ஒருவர் எடுத்த படம் அது. உட்கார்ந்திருப்பவர்களுக்கு 1/250 போதும், உங்கள் 18-55 லென்ஸ்கூடக் கைகொடுக்கும், 50 எம்எம் மாட்டியிருந்தால் மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஐந்து நிமிடம் அவர்களுக்கு ஒதுக்குங்கள். இந்தப் படத்தைக் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி, வலது ஓரத்தில் இருக்கும் தண்ணீர் கேனை வெட்டிவிட்டு, அச்சுப் போட்டு அந்த இருவருக்கும் கொடுங்கள்.

அடுத்த மின்னொளிப் போட்டிக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர் அணி சாயங்காலம் எங்கே பயிற்சி எடுக்கிறது என்று விசாரித்து, ஐந்து மணி வெளிச்சத்தில் இரண்டு வாரம் போங்கள். பகலில் 1/1000 எளிதாகக் கிடைக்கும், விளக்குத் தொல்லை இல்லை, உட்காரும் இடத்தையும் விரலையும் மட்டும் பழக்கலாம். ரெய்டர் எந்தக் காலை முதலில் வீசுவார், பிடிபட்டால் எந்தப் பக்கம் உருளுவார் என்று அவரிடமே கேளுங்கள். பழகிய பிறகு எடுத்த நான்கு படங்களை அனுப்புங்கள், பார்க்கிறேன்.